பருவத்துக்குப் பருவம் மாறும் நிகழ்ச்சிகள்: மும்பையின் இயற்கை, வரலாற்று விளக்க மையங்களைப் புரிந்துகொள்ள

ஜூன் பிறந்ததும் மழைநடை, குகைநடை என்று அறிவிப்புகள் வருகின்றன. செப்டம்பரில் வண்ணத்துப்பூச்சி நடை. டிசம்பர் தொடங்கிப் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) பார்க்கும் படகுப் பயணம். மே மாதத்தில் பெரும்பாலும் அரங்க நிகழ்ச்சிகள். தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் எனப் பல பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த அறிவிப்புகள் சுற்றும்போது, கூடவே சில கேள்விகளும் தவறாமல் எழுகின்றன. ஜூலையில் விருந்தினர் வந்திருக்கிறார்கள், பூநாரையைக் காட்ட முடியாதா? போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிய படகு இந்தச் சனிக்கிழமை மட்டும் ஏன் மதியம் மூன்று மணிக்குக் கிளம்புகிறது? பணம் கட்டிப் பதிவு செய்த நடைப் பயணத்தை முதல் நாள் இரவில் ரத்து செய்வது என்ன நியாயம்?

இவற்றுக்கெல்லாம் விடை நிர்வாகத்தின் விருப்பு வெறுப்பில் இல்லை. மும்பையின் மழை, கடலின் ஏற்றவற்றம், பறவைகளின் இடப்பெயர்ச்சி, பாறையில் வெட்டிய பழங்கால நீர்வழிகள் ஆகிய நான்கும் சேர்ந்தே அட்டவணையை முடிவு செய்கின்றன. அவற்றின் இயக்கத்தை ஓரளவு அறிந்தவர்களுக்கு அறிவிப்பைப் பார்த்ததும் எந்த நாளில் போகலாம், எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்துவிடும்.

விளக்க மையம் என்பது எது?

அருங்காட்சியகம் பொருளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. பூங்கா இடத்தைப் பராமரிக்கிறது. விளக்க மையத்தின் வேலை இவ்விரண்டிலிருந்தும் சற்றே வேறானது: ஓர் இடம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை அந்த இடத்திலேயே, வந்தவரின் கண்முன்னே எடுத்துச் சொல்வது. படம், மாதிரி, குறும்படம் கொண்ட அரங்கு அதில் ஒரு பாதி. பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் சிறு குழுவை அழைத்துக்கொண்டு வெளியே நடப்பது மறுபாதி. இரண்டாவது பாதிதான் உயிரானது என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. அரங்கில் இருக்கும் படம் பன்னிரண்டு மாதமும் அங்கேயே இருக்கும். வெளியே இருப்பது அப்படி இருக்காது என்பதால்தான் பருவகால நிகழ்ச்சி என்ற ஒன்று தேவைப்படுகிறது.

மும்பையில் இத்தகைய பணி ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. போரிவலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் அதனுள் இருக்கும் கன்ஹேரி குகைகளும், ஐரோலியில் தாணே கடற்கழியின் கரையில் உள்ள கடலோர உயிர்ப்பன்மை மையம், கோரேகாவ் திரைப்பட நகரை ஒட்டிய காட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் நடத்தும் கல்வி மையம், தாராவியை ஒட்டி மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிரா நேச்சர் பார்க் ஆகியவை இப்பணியைச் செய்யும் முக்கியமான இடங்கள். வனத்துறை, தொல்லியல் துறை, தன்னார்வ அமைப்பு எனப் பொறுப்பாளர்கள் வேறு வேறு. ஆகவே விதிகளும் வேறு வேறு. எடுத்துக்காட்டாக, கன்ஹேரிக்கும் அது அமைந்திருக்கும் தேசியப் பூங்காவுக்கும் திங்கட்கிழமை வார விடுமுறை. திங்களன்று வரும் பண்டிகை விடுமுறையை நம்பிப் புறப்படும் குடும்பங்கள் வாசலோடு திரும்ப நேர்கிறது.

முதலில் மழைக்கணக்கு

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. மும்பைக்கு அந்தப் பருவம் ஏறக்குறைய இல்லவே இல்லை. இங்கே தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்கி அக்டோபர் 8 வாக்கில் விடைபெறுகிறது. இடைப்பட்ட நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்க்கிறது. மீதி எட்டு மாதம் வானம் வறண்டே கிடக்கும். தாராவித் தமிழர்களில் பெரும்பாலோருக்கு நெல்லைச் சீமையே பூர்வீகம் என்பதால், குற்றாலத்தில் சாரல் விழும் காலமே மும்பையின் மழைக்காலம் என்று சொன்னால் போதும். இரண்டையும் கொண்டுவருவது ஒரே காற்று.

ஆண்டைச் சரியாக மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பிளக்கும் இந்த மழைதான் மும்பைக் காட்டின் எல்லா உயிர்ச் செயல்களுக்கும் கடிகாரம். புழு பொரிப்பது, பூ மலர்வது, சதுப்பு நிலத்தின் உப்பு குறைவது, ஓடை வற்றுவது எல்லாம் அதையொட்டியே நடக்கின்றன. நிகழ்ச்சி அட்டவணையும் அப்படியே.

மழைக்காலம்: கன்ஹேரியின் நீர்வழிகள்

மழைக்காலத்தில் காட்டுக்குள் எதற்குப் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கன்ஹேரியைப் பொறுத்தவரை, அந்த இடத்தின் வரலாறு விளங்குவதற்கு மழையைவிடச் சிறந்த காலம் இல்லை.

கன்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. கி.மு. முதலாம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அவை பௌத்தத் துறவிகளின் இருப்பிடமாகவும் வழிபாட்டிடமாகவும் கல்விக்கூடமாகவும் இருந்திருக்கின்றன. அரபிக்கடல் துறைமுகங்களிலிருந்து உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சரக்கு ஏறிப் போன வணிகப் பாதைகள் அருகிலேயே இருந்தன. கல்யாண், சோபாரா போன்ற ஊர்களைச் சேர்ந்த வணிகர்களும் கைவினைஞர்களும் குகைகளைக் குடைந்து கொடையாக அளித்ததைப் பிராமிக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பெரிய தூண்கள் நிற்கும் மூன்றாம் எண் குகை, சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலமான கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தொண்ணூறாம் எண் குகையில் 1009, 1021 ஆகிய ஆண்டுகளில் வந்துபோன பார்சிகள் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆயினும், இந்த மலை மேல் நூற்றுக்கணக்கானோர் ஆண்டு முழுவதும் எப்படித் தண்ணீருக்குத் திண்டாடாமல் வாழ்ந்தார்கள் என்ற கேள்விதான் மற்றெல்லாவற்றிலும் அடிப்படையானது. அதற்கான விடை கோடையில் கண்ணில் படாது. வறண்ட பாறையில் விரற்கடை ஆழத்துக்கு ஏதோ கோடுகள் இழுத்திருப்பதாகத் தோன்றும். வருவோர் அவற்றை மிதித்துக் கடந்து போவார்கள். ஜூலையில் அதே இடத்தில் நின்றால், குகையின் நெற்றிக்கு மேலே சரிவில் வழியும் மழைநீர் அந்தக் கோடுகளில் விழுந்து திரும்புவதும், ஒன்றோடொன்று சேர்ந்து சிற்றோடையாகி வாசலைத் தவிர்த்து ஓரமாக இறங்குவதும், முற்றத்தின் பக்கத்தில் வெட்டிய தொட்டிக்குள் விழுவதும் தெளிவாகத் தெரியும். தொட்டியின் வாய் சிறியது. ஒருவர் குனிந்து செம்பில் மொள்ளும் அளவுதான். உள்ளே பாறை அகலமாகக் குடையப்பட்டிருக்கிறது. வாய் சிறுத்து வயிறு பெருத்திருப்பதால் வெயில் உள்ளே படாது, நீர் ஆவியாவதும் குறையும். ஏறக்குறைய ஒவ்வொரு குகைக்கும் இப்படி ஒரு தொட்டி இருப்பது தற்செயல் அன்று. கல்யாணைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர் அளித்த கொடையைக் குறிக்கும் கல்வெட்டு, அது ஒரு தண்ணீர்த் தொட்டி என்றே குறிப்பிடுகிறது. சிலையையும் மண்டபத்தையும் போலவே தொட்டியும் புண்ணியக் கொடையாகக் கருதப்பட்டிருக்கிறது.

மழைக்கும் இந்த இடத்துக்கும் உள்ள உறவு இன்னும் ஆழமானது. ஊர் ஊராக நடந்து பிச்சை ஏற்று வாழும் பௌத்தத் துறவிகள், ஜூலை வாக்கில் வரும் பௌர்ணமியிலிருந்து மூன்று மாதங்கள் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. வழிகள் சேறாகும், முளைவிடும் பயிரையும் சிற்றுயிர்களையும் கால் மிதித்துவிடும். இந்துத் துறவிகளின் சாதுர்மாஸ்யமும் சமணரின் மழைக்கால வாசமும் இதே காரணத்தால் எழுந்தவை. மலையில் குடைந்த தங்குமிடங்கள் இத்தனை பெருகியதற்கு மழைக்காலத் தங்கல் ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஆகஸ்டில் கன்ஹேரியில் நடக்கும் ஒரு குகைநடை, அந்தக் குகைகள் எந்தப் பருவத்துக்காக வெட்டப்பட்டனவோ அந்தப் பருவத்திலேயே அவற்றைக் காட்டுகிறது. வேறெந்த மாதமும் இதைச் செய்ய முடியாது.

பூநாரைப் படகு: ஏன் சில மாதங்கள், ஏன் மாறும் நேரம்?

அதிகக் குழப்பம் இந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான். எனவே படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பூநாரைகள் மும்பையின் நிரந்தரக் குடிகள் அல்ல. குஜராத்தின் கட்ச் பகுதியில் மழைநீர் தேங்கும் பெரும் உப்புச் சமவெளி அவை கூடு கட்டும் முக்கியமான இடம். அங்கு நீர் வற்றத் தொடங்கும்போது அவை தெற்கே வருகின்றன. நவம்பர், டிசம்பரில் முதல் கூட்டங்கள் தென்படும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை எண்ணிக்கை மிகும். மே முடிவில் அல்லது மழையின் தொடக்கத்தில் பெரும்பாலானவை கிளம்பிவிடும். ஜூலையில் படகு ஓடாததற்கு முதற்காரணம் பறவை இல்லாததே. வரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு முன்பின் ஆகும்; கட்ச்சில் அந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது, நீர் எவ்வளவு நாள் நின்றது என்பதைப் பொறுத்தது அது. "இந்த வருஷம் பூநாரை வரவில்லை" என்று டிசம்பரில் வரும் செய்திகளைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை.

2. இங்கே அவை வருவது உணவுக்காக. மும்பைக்கு வருபவற்றுள் சிறு பூநாரைகளே மிகுதி. சேற்றின் மேற்பரப்பில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் நுண்ணுயிர்களுமே அவற்றின் இரை. அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. பெரும் பூநாரை நீரில் உள்ள சிறு இறால் வகைகளையும் நத்தைகளையும் தின்னும், நிறம் வெளிறியிருக்கும். கோடிக்கரையிலும் பழவேற்காட்டிலும் தமிழ் வாசகர்கள் பார்த்திருப்பது பெரும்பாலும் இந்த வெளிறிய இனத்தைத்தான்.

3. மேயும் முறையைக் கவனித்தால் நேரக்கணக்கு புரியும். பூநாரை கழுத்தைத் தழைத்துத் தலையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. மேல் அலகு தரைப்பக்கமும் கீழ் அலகு வானத்துப் பக்கமும் திரும்பிவிடுகின்றன. பிறகு நாக்கைக் குழாயின் உலக்கைபோல் முன்னும் பின்னும் இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய சீப்புப் பற்கள் பாசியை மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. இதற்குக் கணுக்கால் அளவு நீர் வேண்டும். முற்றிலும் காய்ந்த சேற்றிலும் முடியாது, ஆழமான நீரிலும் சிரமம். ஆகவே நீரின் விளிம்பு எங்கே நகர்கிறதோ அங்கே கூட்டமும் நகர்கிறது.

4. அந்த விளிம்பை நகர்த்துவது கடல் ஏற்றவற்றம். மராத்தியில் பர்த்தி, ஓஹோட்டி என்று காதில் விழுவது இதுதான். மும்பைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நிலவின் இயக்கத்தை ஒட்டி அவை நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகின்றன. படகு மிதக்கக் கழியில் போதிய ஆழம் வேண்டும் என்பதால் ஏற்றத்தை ஒட்டியே கிளம்ப முடியும். ஆனால் நீர் முழுதும் நிறைந்துவிட்டால் சேற்றுத்திட்டு மூழ்கிப் பறவைகள் பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் குறுகிய நேரமே பயணத்துக்கு உகந்தது.

5. இனிக் கணக்கு. நாளொன்றுக்கு 50 நிமிடம் என்றால் ஏழு நாளில் 350 நிமிடம், அதாவது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் குறைவு. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே ஒன்பது மணிக்கு வற்றம். ஏற்றம் மூன்று மணி வாக்கில்தான் வரும். அதற்கும் அடுத்த சனிக்கிழமை மீண்டும் காலையிலேயே ஏற்றம் வந்துவிடும். காலைப் பயணமே வேண்டும் என்பவர்கள் ஒரு வாரம் விட்டு மறுவாரம் பார்த்தால் போதும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரி நாட்காட்டியே இதற்கு உதவும் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கொங்கண் கரையில் புழங்கும் ஒரு கணக்கின்படி, பிரதமை ஒன்று, துவிதியை இரண்டு என்று திதியை எண்ணி முக்காலால் பெருக்கினால் ஏற்றத்தின் மணி கிடைக்கும். அஷ்டமி என்றால் எட்டின் முக்கால் ஆறு: காலை ஆறு, மாலை ஆறு. அமாவாசையும் பௌர்ணமியும் பதினைந்து என்றால் பதினொன்றே கால்; ஆகவே நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் ஏற்றம். இது தோராயம்தான், ஒரு மணி நேரம் முன்பின் ஆகும், கழியின் உட்பகுதிக்குக் கடல்நீர் வந்து சேரச் சற்றுக் கூடுதல் நேரமும் பிடிக்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் மிக உயர்ந்து மிகத் தாழும். அஷ்டமியை ஒட்டி அந்த வீச்சு குறையும். சிவ்ரி போன்ற கரையோரங்களில் நின்றபடி பார்க்க விரும்புவோருக்கும் இக்கணக்கு பயன்படும். முழு வற்றத்தில் கூட்டம் வெகுதொலைவில் இளஞ்சிவப்புக் கோடாக மட்டுமே தெரியும். நீர் ஏறிவரும் நேரத்தில் அது கரையை நோக்கி நெருங்கி வரும்.

நீர் முழுதும் ஏறியபின் பறவைகள் எங்கே போகின்றன என்பதும் முக்கியமானது. அவை நவி மும்பையின் நீர்நிலைகளுக்குப் பறந்து ஓய்வெடுத்து, வற்றத்தில் மீண்டும் கழிக்குத் திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்து இரவிலும் நடக்கிறது. 2024 மே 20 அன்று இரவில் காட்கோபர் பகுதியின் மேலே விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்த செய்தியைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். தாணே கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலய எல்லைக்குள் இருக்கும் சேற்றை மட்டும் காத்துவிட்டு, ஏற்ற நேரத்தில் அவை ஒதுங்கும் குளங்களைக் கைவிட்டால் படகுப் பயணத்துக்கே பறவை மிஞ்சாது. மையத்தின் வழிகாட்டிகள் பயணத்தின்போது இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மழை விட்ட பின்: வண்ணத்துப்பூச்சியும் கார்வியும்

செப்டம்பர், அக்டோபரில் வண்ணத்துப்பூச்சி நடைகள் மிகுவதற்குக் காரணம் எளியது. மழையில் தளிர்க்கும் இலைதான் புழுவின் உணவு. இலை முற்றுவதற்குள் தின்று வளர்ந்து கூட்டுப்புழுவாகி வெளிவரும் தலைமுறை மழை ஓயும் காலத்தில் இறக்கை விரிக்கிறது. ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற ஒரே குடும்பச் செடிகள் பல பெரிய வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தாய்வீடு. 2015இல் மகாராஷ்டிரத்தின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட ப்ளூ மார்மனும் எலுமிச்சைக் குடும்பத்தையே நம்பியிருக்கிறது. பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் வீடுகளில் இலையைத் தின்னும் பச்சைப் புழுவை நசுக்குவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாடு 2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக ஏற்றது. அக்டோபர் 2 முதல் 8 வரையிலான வன உயிரின வாரமும் இப்பருவத்தில் விழுவதால் பள்ளி மாணவர்களுக்கான நிகழ்ச்சிகள் இந்நாட்களில் குவிகின்றன; கூட்டம் வேண்டாம் என்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அட்டவணையில் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு: கார்வி நடை. நீலகிரியின் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவான இச்செடி, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் சரிவுகளில் புதர் புதராக வளர்ந்து, எட்டாம் ஆண்டில் ஒன்றாகப் பூத்து, விதைத்து, ஒன்றாகவே மடிகிறது. இங்கே 2016இலும் 2024இலும் பூத்தது. அடுத்த பெரும் பூப்பு 2032இல். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு: 2018இல் பூத்தது, 2030இல் மீண்டும் பூக்கும். கார்வியின் தண்டுகளை அடுக்கி மேலே மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவது வார்லி முதலான பழங்குடியினரின் வீடு கட்டும் முறை. இயற்கையும் வரலாறும் ஒரே செடியில் சந்திக்கும் இடம் இது. பூவாத ஏழு ஆண்டுகளிலும் அந்தச் சுவரைப் பற்றிப் பேசும் நடை ஒன்று இருக்கலாமே என்று தோன்றுகிறது.

கோடை

ஏப்ரல், மே மாதங்களில் வெளி நிகழ்ச்சிகள் விடியற்காலைக்கும் மாலைக்கும் ஒதுங்குகின்றன. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், மே 18 அருங்காட்சியக நாள் என வரலாற்று நிகழ்ச்சிகளுக்கு இக்காலம் ஏற்றது. புத்த பூர்ணிமை இரவில் மகாராஷ்டிர வனத்துறை நீர்க்குட்டைகளின் அருகே பரண் அமைத்து விலங்குகளைக் கணக்கெடுப்பது வழக்கம். கோடையில் நீர் சில இடங்களில் மட்டுமே மிஞ்சியிருப்பதால் விலங்குகள் அங்கே வந்தாக வேண்டும், முழுநிலவு வெளிச்சம் தருகிறது. பொதுமக்களை ஏற்கும் இடங்களில் இருக்கைகள் மிகக் குறைவு.

ரத்தும் எண்ணிக்கை வரம்பும்

1. வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை மும்பைவாசிகள் மறக்கவில்லை. வழுக்குப் பாறையும் திடீரெனப் பெருகும் ஓடையும் உள்ள இடத்தில் அந்த எச்சரிக்கைக்குப் பின்னும் நிகழ்ச்சி நடத்துவதே பொறுப்பற்ற செயல். ரத்தை ஏற்கலாம், ஆனால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதி தரப்படுமா என்பதை அறிவிப்பிலேயே எழுதுவது மையங்களின் கடமை.

2. ஒரு நடைக்கு இருபது, இருபத்தைந்து பேர் என்ற வரம்பைக் கண்டு பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஒருவர் பேசுவது கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும். காட்டுப்பாதையின் மண் அழுந்தி இறுகாமல் இருக்க வேண்டும். குழு பெருத்தால் அது விளக்க நிகழ்ச்சியாக இல்லாமல் ஊர்வலமாகிவிடும்.

3. கழியில் படகுகள் கூட்டத்துக்கு மிக அருகில் போனால் பறவைகள் எழுந்து பறக்கும். படம் எடுக்க அது அழகான காட்சி. பறவைக்கோ மேயும் நேரமும் சேர்த்து வைத்த வலுவும் வீண். இன்னும் கிட்டே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தக் கூடாது.

தாராவிக்குப் பக்கத்தில் இருப்பது

சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க், ஒருகாலத்தில் நகரத்தின் குப்பை கொட்டிய மேடு. அந்தக் குப்பையின் மேல் மண் பரப்பி, 1980களில் மரம் நட்டு, 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஏறத்தாழ 37 ஏக்கரில் இன்று காடு நிற்கிறது; அதை ஒட்டி மித்தி ஆற்றின் அலையாத்திக் கரை. ஜூலையில் இக்கரைக்கு வந்தால் வெண்கண்டல் காய்களைத் தாங்கி நிற்கும். மழைநீரால் சேற்றின் உப்பு குறையும் இக்காலத்தில் விழும் விதைகள் எளிதில் வேரூன்றும். பிப்ரவரியில் அதே மரத்தின் இலையைத் தடவினால் விரலில் உப்புத் துகள் ஒட்டும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியேற்றுகிறது, கழுவிவிட மழை இல்லை. ஒரே மரத்தடியில் இரண்டு பருவங்களில் இரண்டு பாடம். நடக்கும் தொலைவில் காலா கில்லா என்ற சிறு கோட்டை இருக்கிறது. ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737இல் கட்டியதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. ஆற்றுவழியைக் காவல் காக்க எழுந்த கோட்டையையும் அந்த ஆற்றின் அலையாத்தியையும் சேர்த்து ஒரே நடையில் காட்டினால், இயற்கையும் வரலாறும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பது தாராவிப் பிள்ளைகளுக்குத் தம் வீட்டு வாசலிலேயே விளங்கும்.

இதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, விடுமுறை. மையங்களின் கோடை முகாம்கள் மே மாதத்தில் நடக்கின்றன. அந்த மாதத்தில்தான் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊருக்கு ரயிலேறுகின்றன, கோயில் கொடைக்கும் திருமணத்துக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஞாயிறுகளும், மழைக்கால வார இறுதிகளும், தீபாவளி விடுமுறையின் பிற்பகுதியும் அவர்களுக்குக் கைகொடுக்கும் நாட்கள். உயிரினங்கள் மிகுந்திருக்கும் நாட்களும் அவையே.

இரண்டாவது, மொழி. வழிகாட்டிகள் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது என்பதை நினைத்தால் இக்குறை நீக்க முடியாத ஒன்றல்ல. அப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு பருவம் பயிற்சி கொடுத்தாலே தமிழில் நடை நடத்த ஆள் கிடைத்துவிடும். பூநாரை, கண்டல், வற்றம், ஏற்றம் என எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது; ஊரில் கடலோரத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகள் அவற்றை இன்றும் புழங்குகிறார்கள். அலையாத்தி நாளான ஜூலை 26 இதற்குப் பொருத்தமான தொடக்கம். அன்றைய நிகழ்ச்சிக்குத் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் குழுவாகப் பதிவு செய்யும்போது, விண்ணப்பத்திலேயே தமிழ் வழிகாட்டி வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும்; மழைக்கு முன், ஏப்ரலிலேயே கேட்டுவிட்டால் மையத்துக்கும் ஆளைத் தேட மூன்று மாத அவகாசம் கிடைக்கும்.